பழைய ட்ராவல் டிரெய்லர்... நியாயமான விலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல்களைப் பிடித்துப் பேசி முடித்துவிடுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு மாடு கைமாறியது தெரியும். எவ்வளவுக்கு என்பது தெரியாது. அமெரிக்காவில் பழைய ட்ராவல் டிரெய்லர்கள் விற்பனையாகும் விதமும் ஏறக்குறைய அப்படித்தான். விளம்பரத்தில் விலை பளிச்சென்று போட்டிருக்கும். ஆனால் அது விற்பவர் கேட்கும் விலை மட்டுமே. கடைசியில் எந்த விலைக்கு முடிந்தது என்பது துண்டுக்கு அடியிலேயே தங்கிவிடும்.

ட்ராவல் டிரெய்லர் என்பது காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் ஒரு சின்ன வீடு. அதற்கு எஞ்சின் கிடையாது. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை, குளிக்கும் இடம் எல்லாம் இருக்கும். யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் போன்ற தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் குடும்பங்களுக்கு, ஹோட்டல் அறை தேடாமல் காட்டு ஓரத்திலேயே தங்கிக்கொள்ள இது பெரிய வசதி. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கும் கோடை விடுமுறையில், போகும் இடத்திலெல்லாம் சொந்த அடுப்பில் ரசம் வைத்துக்கொள்ளலாம்!

புதிதாக வாங்கினால், நடுத்தர அளவுள்ள டிரெய்லரே 30,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். வருடத்துக்கு 3, 4 முறை மட்டும் பயணம் போகும் குடும்பம் பழையதைத் தேடுவது இயல்பு. அங்கேதான் கேள்வி ஆரம்பிக்கிறது. ஒரே வருடம், ஒரே மாடல்... ஒருவர் 14,000 டாலர் கேட்கிறார், இன்னொருவர் 22,000 கேட்கிறார். இதில் எது நியாயம்?

விலை ஏன் இப்படிக் குழம்பிக் கிடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள கொரோனா காலத்துக்குப் போக வேண்டும். விமானங்கள் நின்றன, ஹோட்டல்கள் மூடப்பட்டன. ஆனால், சொந்த வண்டியில், சொந்தக் கட்டிலோடு காட்டுப் பக்கம் போவதற்குத் தடை இல்லை. வங்கி வட்டியும் குறைவாக இருந்தது. அமெரிக்கர்கள் டிரெய்லர் வாங்கக் குவிந்தார்கள். இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள், எஞ்சினோடு வரும் மோட்டார் ஹோம்கள் எல்லாவற்றையும் அங்கே 'ஆர்.வி.' என்ற ஒரே பெயரில் சொல்வார்கள். அந்தத் தொழிலின் சங்கக் கணக்குப்படி, 2021-ம் ஆண்டில் தொழிற்சாலைகளிலிருந்து விற்பனையாளர்களுக்குப் போன ஆர்.வி.க்கள் 6 லட்சத்துக்கும் மேல். அது வரலாறு காணாத எண்ணிக்கை. 2023-ல் அது சுமார் 3 லட்சத்து 13 ஆயிரமாகக் குறைந்தது. இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதி!

இந்த ஏற்ற இறக்கம் பழைய டிரெய்லர் சந்தையில் இரண்டு வடுக்களை விட்டுச் சென்றிருக்கிறது.

முதலாவது, கடன். டிரெய்லருக்கு 10, 15, சில நேரம் 20 வருடத் தவணையில்கூடக் கடன் கிடைக்கும். உச்ச விலையில் வாங்கியவர்களுக்கு, வண்டியின் மதிப்பு இறங்கிய வேகத்தில் அசல் இறங்கவில்லை. இன்றைய சந்தையில் 22,000 டாலர் போகும் டிரெய்லருக்கு வங்கியில் 28,000 பாக்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? 28,000-ஐயே விளம்பரத்தில் போடுவார். அவருடைய சங்கடம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் விற்பவரின் கடன் பாக்கி, வண்டியின் விலை ஆகிவிடாது. வாங்குபவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்றால், முன்பின் தெரியாத ஒருவரின் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டதாகிவிடும்.

இரண்டாவது, அவசரம். அமெரிக்காவின் ஆர்.வி.க்களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தில், எல்கார்ட் நகரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் உருவாகின்றன. ஆர்டர்கள் மலைபோலக் குவியும் காலத்தில் வேலை வேகமாக நடக்கும். அந்த வருடங்களில் வந்த எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால், 'புதுசுதானே, என்ன ஆகியிருக்கப் போகிறது?' என்ற நம்பிக்கையில் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது.

முதலில் மூன்று எண்கள்

காருக்கு ஓடிய தூரம் காட்டும் மீட்டர் உண்டு. டிரெய்லருக்கு அது கிடையாது. அது 500 மைல் போனதா, 50,000 மைல் போனதா என்பதை விற்பவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். எனவே விலையைப் பல பக்கங்களிலிருந்தும் நெருங்க வேண்டும்.

முதல் எண், விலைக் கையேடு தருவது. முன்பு என்.ஏ.டி.ஏ. என்ற பெயரில் வந்துகொண்டிருந்த மதிப்பீடு, இப்போது ஜே.டி. பவர் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. தயாரித்த நிறுவனம், வருடம், மாடல் ஆகியவற்றைக் கொடுத்தால், குறைந்தபட்ச சில்லறை விலை, சராசரி சில்லறை விலை என்று இரண்டு தொகைகளைக் காட்டும். இந்தக் கையேடு அந்த குறிப்பிட்ட வண்டியைப் பார்த்ததில்லை. கூரை ஒழுகுகிறதா, ஃப்ரிட்ஜ் குளிர்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால், அது சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் தொடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எண், அதே மாதிரி வண்டிகளுக்குக் கேட்கப்படும் விலை. ஆர்.வி. டிரேடர், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் அதே மாடல், ஒரு வருடம் முன்பின் உள்ளவற்றைத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொண்டே வரலாம். எது எத்தனை நாளாக விற்காமல் கிடக்கிறது, எதன் விலை இரண்டு முறை குறைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். மூன்று நாளில் காணாமல் போகும் விளம்பரத்தின் விலை ஏறக்குறைய சந்தை விலை. மூன்று மாதமாகக் கிடப்பது வெறும் ஆசை விலை. ஒரு மாதம் இப்படிக் கவனித்தாலே, துண்டுக்கு அடியில் விரல்கள் என்ன பேசுகின்றன என்பது புரிய ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது எண், அதே அளவுள்ள புது டிரெய்லரின் இன்றைய விலை. பழையதைப் பேசும்போது பலர் மறப்பது இதைத்தான். புது டிரெய்லரின் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும் விலையை அப்படியே கொடுத்து வாங்குபவர்கள் குறைவு. பெரிய தள்ளுபடி சாதாரணம். தள்ளுபடி போக 27,000 டாலருக்குப் புதியதே கிடைக்கும் என்றால், இரண்டு வருடம் ஓடியதற்கு 25,000 கேட்பது எப்படிச் சரியாகும்?

விலையைத் தீர்மானிப்பது தண்ணீர்

இந்த மூன்று எண்களும் சேர்ந்து ஒரு வட்டத்தைக் காட்டும். அதற்குள் சரியான புள்ளி எது என்பதைச் சொல்வது டிரெய்லரின் வயதோ, உள்ளே போட்டிருக்கும் சோபாவோ அல்ல. தண்ணீர்!

பெரும்பாலான டிரெய்லர்களின் சுவர், மெல்லிய மரச் சட்டமோ அலுமினியச் சட்டமோ வைத்து, நடுவில் ஃபோம், அதன்மேல் மெல்லிய பிளைவுட், வெளியே ஃபைபர்கிளாஸ் அல்லது தகடு என்று கட்டப்பட்டது. கூரையின் மேல் ரப்பர் போன்ற ஒரு விரிப்பு ஒட்டியிருக்கும். ஏ.சி., காற்றுப்போக்கி, ஸ்கைலைட், ஆன்டெனா என்று அந்தக் கூரையில் பல ஓட்டைகள் போட்டு, விளிம்புகளைப் பசையால் அடைத்திருப்பார்கள். வெயிலிலும் பனியிலும் அந்தப் பசை வெடிக்கும். அதை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஏணி போட்டு ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தில் மறுபடி பூச வேண்டும். பலர் செய்வதில்லை.

ஓடும்போது டிரெய்லர் ஒரு சின்ன நிலநடுக்கத்துக்குள் இருக்கும் வீடு மாதிரி ஆடும். மூலைகள் விரிந்து கொடுக்கும். ஊசி முனை அளவு இடைவெளி கிடைத்தாலும் மழைநீர் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் வெளியே வர வழியில்லை. பிளைவுட் ஊறி, சட்டம் உளுத்து, பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். அந்தப் பூஞ்சை பிடித்த சுவரை ஒட்டித்தான் குழந்தைகளின் கட்டில் இருக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளையோ வயதான பெற்றோரோ அதற்குள் தூங்க வேண்டியிருக்கும். எனவே இது காசுக் கணக்கோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல.

ஈரத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள் எளிமையானவைதான்.

கதவைத் திறந்ததும் முதல் மூச்சிலேயே மணத்தைக் கவனிக்க வேண்டும். நனைந்த துணி மூட்டையின் வாடை வந்தால் எச்சரிக்கை. வாசனை திரவியத்தின் நெடி தூக்கலாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை! பிறகு, வெளிச் சுவரைப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்க்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் சுவரில் தோசைபோல உப்பல் தெரிந்தால், உள்ளே பிளைவுட் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தகடு அடித்த டிரெய்லர்களில் உப்பல் தெரியாது. அங்கே உள்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும். ஜன்னலுக்குக் கீழே, மூலைகளில், கட்டிலுக்கு அடியில், மேல் அலமாரிகளின் பின்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிஸ்கட்போல அமுங்கினால் உள்ளே மரம் இல்லை. வண்டி நின்றதும் பக்கவாட்டில் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் 'ஸ்லைடு-அவுட்' இருந்தால், அதன் தரை மூலைகளில் நின்று மிதித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சுவரில் மட்டும் புதிதாகப் பேனலோ பெயின்ட்டோ தெரிந்தால், 'இங்கே என்ன நடந்தது?' என்று நேராகக் கேட்க வேண்டும்.

ஈரமானி என்ற சின்னக் கருவி சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கிறது. மரத்தில் 15 சதவிகிதத்துக்குள் காட்டினால் பொதுவாகக் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் சந்தேகம். உலோகச் சட்டத்துக்கு அருகில் வைத்தால் அது தவறாகக் காட்டக்கூடும். அதனால் ஒரே ஒரு எண்ணை நம்பாமல், இடத்துக்கு இடம் ஒப்பிட வேண்டும். சுவர் முழுக்க 10 என்று வந்து, ஒரு மூலையில் மட்டும் 28 என்று வந்தால் விஷயம் விளங்கிவிடும். ஊசி முனையுள்ள கருவி சின்னத் துளை போடும் என்பதால், விற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொள்வது மரியாதை. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

தையல் குறைந்தால் மதிப்பு கூடும்

தண்ணீருக்கும் விலைக்கும் உள்ள உறவுக்குக் கனடாவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வினிபெக் நகரத்தைச் சேர்ந்த ரே ஒலெக்கோ என்பவர் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். நீரை வெளியே விடாத பொருள், நீரை உள்ளேயும் விடாதுதானே? 1968-ல் அதே பொருளில் 13 அடி நீளமுள்ள ஒரு குட்டி டிரெய்லரை உருவாக்கினார். பெயர், 'போலர்'. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டே ஓடுகளைச் சேர்த்து ஒட்டிய, முட்டை மாதிரியான வண்டி. தையல் குறைவு என்பதால் ஒழுகும் இடமும் குறைவு. உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆன பிறகும், நல்ல நிலையில் உள்ள போலரைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். மினசோட்டாவில் இன்றும் தயாராகும் 'ஸ்கேம்ப்' டிரெய்லரும் இதே வகைதான். பழையதானாலும் இவற்றின் விலை மெதுவாகத்தான் இறங்குகிறது.

விமானம்போல வெள்ளியாய் மின்னும் 'ஏர்ஸ்ட்ரீம்' இன்னொரு உதாரணம். வாலி பையம் 1930-களில் தொடங்கிய அந்த நிறுவனம், அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்யும் டிரெய்லர்கள் பல பத்தாண்டுகள் தாங்குகின்றன. ஆனால் அங்கேயும் தண்ணீர் விடுவதில்லை. மேலே தகடு பளபளத்தாலும், கீழே தரையில் உள்ள பிளைவுட் பின்மூலைகளில் உளுத்துப்போன பழைய ஏர்ஸ்ட்ரீம்கள் உண்டு. பெயருக்குக் காசு கொடுக்கும் முன் தரையை அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

மாட்டுக்குப் பல்... டிரெய்லருக்கு டயர்

மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்வார்கள். டிரெய்லருக்கு டயர். அதன் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால், 2019-ம் வருடத்தின் 23-வது வாரம். டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட, நின்றபடியே கெட்டுப்போவது அதிகம். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் 5, 6 வருடம் தாண்டியிருந்தால் மாற்றுவதே பாதுகாப்பு. நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால், அது கிழிந்து பறக்கும்போது வண்டியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டுதான் போகும். ஒரே பக்கமாகத் தேய்ந்த டயர், அச்சு வளைந்திருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

அடுத்து, சாதனங்கள். 'போன தடவை போனப்ப நல்லாத்தான் ஓடுச்சு' என்ற பதிலுக்கு மதிப்பு இல்லை. எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பல டிரெய்லர்களில் உள்ள ஃப்ரிட்ஜ், காஸிலும் மின்சாரத்திலும் இயங்கும் வகை. அது குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், முந்தைய நாளே போட்டு வைக்கும்படி போனில் சொல்லிவிடலாம். காஸ் அடுப்பு, வெந்நீர், ஹீட்டர், ஏ.சி. எல்லாம் ஒவ்வொன்றாக ஓட வேண்டும். தண்ணீர் பம்ப்பைப் போட்டுக் குழாய்களை மூடினால், சில நொடிகளில் பம்ப் நிற்க வேண்டும். குழாய் மூடியிருக்கும்போதே அது விட்டு விட்டு ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. குளிர் மாநிலங்களில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்திருக்கலாம். காஸ் கசிவையும் கார்பன் மோனாக்ஸைடையும் காட்டும் எச்சரிக்கைக் கருவிகளுக்கும் ஆயுள் தேதி உண்டு. குடும்பமே உள்ளே தூங்கப்போகும் வண்டியில் அதை மறக்கவே கூடாது.

நம் கார் இழுக்குமா?

நியாயமான விலையில் நல்ல டிரெய்லர் கிடைத்து, வீட்டில் இருக்கும் கார் அதை இழுக்க முடியாமல் போனால் அந்த விலை நியாயமானது இல்லை. அங்கே பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அதிகம் ஓட்டும் டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி போன்ற வேன்களின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,590 கிலோ. 25 அடி நீளமுள்ள டிரெய்லர் காலியாகவே அதைத் தாண்டுவது சகஜம்.

விளம்பரத்தில் போடும் 'காலி எடை'யை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. 40 கேலன் தண்ணீர் நிரப்பினாலே சுமார் 330 பவுண்டு ஏறிவிடும். பிறகு காஸ் சிலிண்டர், பாத்திரம், அரிசி, படுக்கை... எனவே டிரெய்லரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அதிகபட்ச எடையை வைத்தே கணக்கிட வேண்டும். அதில் 10 முதல் 15 சதவிகிதம் வரை காரின் கொக்கியை நேராகக் கீழே அழுத்தும். 5,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 500 முதல் 750 பவுண்டு. காருக்குள் உட்காரும் ஆட்களின் எடையோடு அதையும் சேர்த்துத்தான் கார் தாங்க வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு ஆகிவிடும். டிரெய்லரோடு ஒரு பிக்அப்பும் வாங்க வேண்டியிருந்தால், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் 'என்ன விலை?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காகிதம் பேசட்டும்

டிரெய்லரில் பொறித்திருக்கும் 17 இலக்க அடையாள எண்ணும், உரிமைப் பத்திரமான 'டைட்டில்'-இல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் பத்தாவது எழுத்து, மாடல் வருடத்தைக் குறிக்கும். திருட்டு, இன்ஷூரன்ஸில் கழித்துக் கட்டப்பட்ட வண்டி போன்ற விவரங்களை என்.ஐ.சி.பி. என்ற அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். தயாரிப்புக் குறைக்காகத் திரும்பப் பெறப்பட்டதா என்பதை அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளம் சொல்லும்.

வங்கிக் கடன் பாக்கி உள்ள வண்டி என்றால், பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், இருவரும் வங்கிக்கே போய்க் கணக்கை முடித்துப் பத்திரத்துக்கு வழிசெய்வது நல்லது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்து, 'நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் வண்டியை அனுப்பி வைக்கிறேன்' என்று பதில் வந்தால், அது மோசடியின் பழைய முகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, 2019-ம் வருட, 25 அடி டிரெய்லர் ஒன்றுக்கு 21,500 டாலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையேட்டில் குறைந்தபட்சம் 15,500, சராசரி 18,500 என்று இருக்கிறது. அதே மாதிரி வண்டிகள் 17,000 முதல் 19,500 வரை கேட்கப்பட்டு, வேகமாக விற்றவை 18,000-ஐ ஒட்டி இருந்தன. எனவே, எல்லாம் ஒழுங்காக இருந்தால் 18,000 என்று ஆரம்பிக்கலாம்.

பார்த்ததில் தெரிந்தவை: நான்கு டயரும் பழசு, சக்கரத்தின் பேரிங்குக்கும் கிரீஸ் வைக்க வேண்டும் – 900 டாலர். ஃப்ரிட்ஜ் காஸில் ஓடவில்லை, மாற்றினால் 1,800. கூரைப் பசை புதுப்பிக்க 600. பேட்டரி 200. மொத்தம் 3,500. கழித்தால் 14,500. ஆடாமல் இழுக்க உதவும் நல்ல கொக்கி அமைப்பையும் விற்பவர் சேர்த்துத் தருகிறார். அதற்கு ஒரு 300 கூட்டலாம். ஆக, 14,800 நியாயமான விலை. 14,000-இல் பேச்சை ஆரம்பித்து, 14,800-ஐத் தாண்டாமல் நின்றுவிட வேண்டும்.

விற்பவர், '3,000 டாலர் செலவு பண்ணி சோலார் பேனல் போட்டிருக்கேன்' என்று சொல்லலாம். பயனுள்ளதுதான். ஆனால் செலவழித்த காசு அப்படியே விலையில் ஏறாது. வீட்டுக்குப் போட்ட கிரானைட் மாதிரிதான் அதுவும். அனுபவித்தவருக்கே அதில் பெரும்பங்கு போய்விடும்.

இந்தக் கணக்கில் எங்கேயும் சுவர் ஈரம் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், அதைக் கழிக்க முடியாது. டயருக்கு விலை தெரியும், ஃப்ரிட்ஜுக்கு விலை தெரியும். ஊறிப்போன சுவரைப் பிரித்த பிறகுதான் சேதம் எவ்வளவு என்பதே தெரியும். கறை ஒரு கை அகலம் என்றால், உள்ளே சட்டம் முழுக்கப் போயிருக்கலாம். செலவு தெரிந்த பழுதைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். செலவு தெரியாத பழுதைப் பார்த்தால், கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். 2,000 குறைத்துத் தருகிறேன் என்றாலும், 4,000 குறைத்துத் தருகிறேன் என்றாலும் அதே பதில்தான். தச்சு வேலை தெரிந்து, சுவரையே கழற்றிக் கட்டத் தயாராக இருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு.

பேரம் பேசும் காலம்

ஒரே டிரெய்லருக்கு ஏப்ரலில் ஒரு விலை, அக்டோபரில் ஒரு விலை. குளிர் மாநிலங்களில் வசந்தம் பிறந்ததும் எல்லோருக்கும் பயண ஆசை வரும், விலை ஏறும். இலையுதிர் காலத்தில், பனிக்கு முன் குழாய்களைக் காலி செய்து, நிறுத்தி வைக்க வாடகை கொடுக்க வேண்டுமே என்ற கவலையில் விற்பவர் இறங்கி வருவார். புதிய மாடல்களைக் காட்டும் பெரிய கண்காட்சி பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் செப்டம்பரில் நடக்கும். அதன் பிறகு பழைய வருடங்களின் வண்டிகள் இன்னும் ஒரு வருடம் மூத்தவை ஆகிவிடும்.

பேரத்தில் குரலை உயர்த்தத் தேவையில்லை. குறித்து வைத்த பழுதுகளையும் அவற்றின் செலவையும் ஒரு தாளில் காட்டினால் போதும். வண்டியைக் குறை சொல்கிறார்கள் என்று நினைக்காமல், கணக்குப் பேசுகிறார்கள் என்று விற்பவர் புரிந்துகொள்வார். தொகை பெரியது என்றால், சான்றிதழ் பெற்ற ஆர்.வி. பரிசோதகரைச் சில நூறு டாலர் கொடுத்து வரவழைக்கலாம். 'பரிசோதகர் வரக் கூடாது' என்று ஒருவர் மறுத்தால், பரிசோதனைக் கட்டணம் மிச்சம் என்று வேறு வண்டி பார்க்கலாம். விலை முடிந்த பிறகும், விற்பனை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், நிறுத்தும் இடத்துக்கான வாடகை எல்லாம் காத்திருக்கும். அதற்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: டார்ச், ஈரமானி, ஏணி, பழைய துணி, நோட்டு, பேனா, வீட்டிலேயே பேசி முடிவு செய்த கடைசித் தொகை. பிள்ளைகளை முதல் தடவை கூட்டிப் போகாமல் இருப்பது நல்லது. பங்க் கட்டிலைப் பார்த்து அவர்கள் குதிக்கும் குதியில், எழுதி வைத்த தொகை காற்றில் பறந்துவிடும். சுவரும் தரையும் கூரையும் காய்ந்திருக்கின்றன என்பது உறுதியான பிறகு, இரண்டாவது தடவை அவர்களையும் அழைத்துப் போகலாம்.